மூணாம் நாள் மண்வெட்டி கேட்ட விருந்தாளி

அது எண்பத்திரண்டோ எண்பத்திமூணோ, புரட்டாசி மாசம். குன்னத்துல பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு மைல் நடந்தா எங்க ஊரு. எங்க தெருவுல முப்பது வூடு, ஒரு ஓட்டுக் கட்டடம். வாரத்துல அஞ்சு நாள் அது பள்ளிக்கூடம், ஞாயித்துக்கிழமை கோயில். நான் அந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சரா சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. டிரெயினிங் முடிச்ச திமிர் இன்னும் எறங்காத வயசு.

எங்களது லுத்தரன் சபை. ஆப்பிரிக்காவுல தான்சானியாங்கிற நாட்டுல இருக்குற ஒரு லுத்தரன் சபைக்கும் எங்களுக்கும் தோழமை ஏற்பாடு ஒண்ணு இருந்துச்சு. அவங்களுக்காக நாங்க ஜெபம் பண்ணுவோம், எங்களுக்காக அவங்க. அவ்வளவுதான், நேர்ல பார்த்தது கிடையாது. அந்த வருஷம்தான் அங்கேயிருந்து ஒரு போதகர் வர்றதா கடுதாசி வந்துச்சு. எங்க சபையில போதகரை ஐயர்னு சொல்றது வழக்கம். அதனால ஊரு பூரா 'ஆப்பிரிக்கா ஐயர் வர்றாரு'ன்னு ஒரே பேச்சு. எங்க ஊர்லயே நாலு நாள் தங்கப் போறாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு மொழிபெயர்க்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. விழுந்துச்சுன்னு சொல்றேனே தவிர, நானேதான் முந்திக்கிட்டுப் போய் நின்னேன்.

சபையைக் கூட இருந்து கவனிச்சுக்கிறவரு எங்க உபதேசியார். ரொம்ப நல்ல மனுஷன். அவரு ஒரு உத்தரவு போட்டாரு. ஐயர் இருக்குற நாலு நாளும் ஒருத்தரும் காட்டு வேலைக்குப் போகக் கூடாது, எல்லாரும் வெளுத்த துணியில இருக்கணும். தலைமுறை தலைமுறையா அடுத்தவன் காட்டுல கூலிக்குப் போன ஜனங்க நாங்க. அது வர்றவருக்குத் தெரிய வேணாமேன்னு ஒரு கூச்சம். இந்த உத்தரவுக்கு முதல் ஆளா தலையாட்டினது நான்தான்.

இடைஞ்சல் ஒண்ணே ஒண்ணு. என் அண்ணன் அந்த வருஷம்தான் முக்கா ஏக்கர் குத்தகைக்குப் பிடிச்சு சின்ன வெங்காயம் வெச்சிருந்தான். எங்க வம்சத்துல எங்களுக்குன்னு வெச்ச முதல் வெள்ளாமை. ஐயர் வர்றதுக்கு முந்தின நாள்தான் பறிச்சு காட்டுலயே காயப் போட்டிருந்துச்சு. நாலு நாள் வெயில்ல காயட்டும், அப்புறம் அள்ளிக்கலாம்னு அண்ணன் மனசைத் தேத்திக்கிட்டான். பறிச்ச வெங்காயம் நனைஞ்சா அழுகிப் போயிடும். அதுதான் அவனுக்கு உள்ளுக்குள்ள உறுத்தல்.

வியாழக்கிழமை காலையில ஐயர் வந்து இறங்கினாரு. நல்ல உசரம், தெருக்கோடி வரைக்கும் கேக்குற சிரிப்பு. எங்கம்மா எட்டிப் பார்த்துட்டு, "அட, நம்ம பெரியப்பா மவனாட்டம்ல இருக்காரு!"ன்னாங்க. அவரை மாலை போட்டு நாற்காலியில உக்கார வெச்சதுதான் தெரியும், அதுக்கப்புறம் எந்திரிக்கவே விடல. தண்ணி இறைக்க வாளியைத் தொட்டா நாலு பேரு ஓடி வந்து பிடுங்கிக்குவாங்க. சாப்பிட்ட தட்டைத் தூக்கினா ரெண்டு பேரு. பாவம், மனுஷன் ரெண்டு நாளும் கோழிக்குழம்பு தின்னுட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு.

சனிக்கிழமை காலையில ஐயர், உபதேசியார் முன்னாடி என்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னாரு. அவங்க ஊர்ல ரெண்டு நாள்தான் விருந்தாளியாம். மூணாம் நாள் கையில மண்வெட்டியைக் கொடுத்து காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். அப்பத்தான் அவன் வூட்டு ஆளு ஆவானாம். "இன்னைக்கு மூணாம் நாள். எங்க என் மண்வெட்டி?"ன்னு சிரிக்கிறாரு.

எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. எதை மறைக்க நாங்க இத்தனை பாடுபட்டோமோ, அதையே கேக்குறாரே மனுஷன்!

"என்னம்மா சொல்றாரு?"ன்னாரு உபதேசியார்.

"உடம்பு ஒரே அலுப்பா இருக்காம். இன்னைக்கு ஓய்வெடுக்கணுமாம்"னு சொல்லிட்டேன்.

அவ்வளவுதான். அய்யய்யோ, அப்புறம் நடந்த கூத்தை என்னன்னு சொல்ல! பள்ளிக்கூடத்து ஜன்னலை எல்லாம் சாத்தியாச்சு. தெருவுல ரேடியோ கூடாது, உலக்கை சத்தம் கூடாது. எங்கம்மா சுக்கு கசாயம் போட்டு ஒரு செம்பு நிறைய அனுப்பினாங்க. ஐயர் குடிச்சுட்டு, தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு, "மண்வெட்டி எப்ப வரும்?"னு என்கிட்ட கேட்டாரு. "வந்துக்கிட்டு இருக்கு"ன்னேன். மத்தியானத்துக்கு மேல தெரு ஜனம் மொத்தமும் வாசல்ல பாய் விரிச்சு, அவரு சுகத்துக்காக மெள்ள பாட்டுப் பாடி ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. அவரு கதவிடுக்குல எட்டிப் பார்த்து, மூணாம் நாள் இதுதான் உங்க வழக்கமான்னு கேட்டாரு. ஆமாம்னுட்டேன். ஒரு பொய் சொன்னவளுக்கு ரெண்டாவதும் மூணாவதும் தானா வந்துச்சு.

மூணு மணி இருக்கும். மேக்கால கருகருன்னு மேகம் ஏறிடுச்சு. அண்ணன் நெளிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கான். ஜெபத்துல பாதியில எந்திரிக்க பயம். தனியாப் போனாலும் அள்ள முடியாது, ஆளுங்க எல்லாம் இங்கதானே இருக்காங்க! என் வெத்து கெளரவத்துக்கு அண்ணன் வெள்ளாமை போகப் போவுது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல நாக்கு எழும்பல. முதல் இடி இடிச்சதும் அண்ணன் எகிறி எந்திரிச்சான். "வெங்காயம் நனையப் போவுதுங்க!"ன்னு கத்திக்கிட்டே கூடையைத் தூக்கிட்டு ஓடினான்.

ஐயர் கதவைத் திறந்து வெளியில வந்தாரு. வானத்தைப் பார்த்தாரு, கூடையோட ஓடுற ஆளைப் பார்த்தாரு. அதுக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படல. சட்டையைக் கழட்டி நாற்காலியில போட்டாரு, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டினாரு, ஓடினாரு பாருங்க ஒரு ஓட்டம்! "ஐயா, உடம்பு முடியலீங்களே!"ன்னு உபதேசியார் பின்னாடியே ஓட, அவரு பின்னாடி வெளுத்த துணியோட தெருவே ஓடுச்சு.

காட்டுல அவரு வேலை செஞ்சதைப் பார்க்கணுமே. ரெண்டு கையாலயும் அள்ளி, கூடையைத் தலையில ஏத்தி, வரப்புல தடுமாறாம வர்றாரு. அவங்க பாஷையில ஒரு பாட்டை எடுத்துவிட்டாரு. நாலு நடையில எங்க பொம்பளைங்க அர்த்தமே தெரியாம பதில் பாட்டு பாடுறாங்க. கடைசிக் குமியைத் தார்ப்பாய் போட்டு மூடி நாலு பக்கமும் கல்லு வெச்சோம், கொட்டுச்சு பாருங்க மழை! ஒரு ஓரத்துல ரெண்டு கூடை நனைஞ்சதோட சரி. அண்ணன் ஐயரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுவுறான், சிரிக்கிறான். ரெண்டு பேரும் சேறு. எல்லாரும் தொப்பலா நனைஞ்சுக்கிட்டே வூட்டுக்கு வந்து, அம்மா ஊத்துன கம்பங்கூழுக்கு அதே வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டோம்.

இதோட நான் தப்பிச்சேன்னுதான் நெனச்சேன். மறுநாள் ஞாயிறு. ஐயர் பிரசங்கம் பண்றாரு, நான் பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்றேன். திடீர்னு, "நேத்து காலையில உங்ககிட்ட ஒரு மண்வெட்டி கேட்டேன். சாயங்காலம் ஒரு காட்டையே கொடுத்தீங்க, நன்றி"ன்னாரு. சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு.

கோயில்ல நின்னுக்கிட்டு நாலாவது பொய்யைச் சொல்ல முடியல. அவரு சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லிட்டு, "ஐயர் காலையிலயே காட்டு வேலைதான் கேட்டாரு. ஓய்வுன்னு மாத்திச் சொன்னது நான். நம்மளைக் கூலிக்காரங்கன்னு நெனச்சுடுவாருன்னு வெக்கமா இருந்துச்சு"ன்னேன்.

அண்ணன் என்னை முறைச்சான் பாருங்க ஒரு முறைப்பு. அப்புறம் முன் பாயிலேருந்து உபதேசியார் மெதுவா, "அப்ப அந்தக் கசாயம்?"னாரு. கோயிலே குலுங்கிப் போச்சு. அண்ணனும் சிரிச்சுட்டான். என்ன விஷயம்னு ஐயர் கேக்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல சொன்னேன். அவரு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. அதை எதுக்குக் குடிச்சோம்னு ராத்திரி பூரா யோசிச்சேன், இப்பத்தான் புரிஞ்சுதுன்னாரு. அப்புறம் சேறு இன்னும் போகாத தன் நகக்கண்ணை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, அவரும் ஏழு வயசுலேர்ந்து அடுத்தவங்க தோட்டத்துல காப்பிக்கொட்டை பறிச்ச ஆளுதான்னாரு. அதைத் தமிழ்ல சொல்றப்ப எனக்கு வெக்கமா இல்ல.

திங்கக்கிழமை குன்னத்துல பஸ் ஏத்தப் போனோம். அன்னைக்கு அவரு பெட்டியைத் தூக்க யாரும் ஓடல. அவரே தூக்கிட்டு வந்தாரு. அண்ணன் ஒரு பிடி வெங்காயத்தைத் துண்டுல முடிஞ்சு அவரு கையில கொடுத்தான்.

நான் ரிட்டையர்டு ஆகி வருஷம் பல ஆச்சு. எங்க வூட்டுக்கு யாரு வந்து தங்கினாலும் ரெண்டு நாள் தாங்கு தாங்குன்னு தாங்குவேன். மூணாம் நாள் காலையில ஒரு முறம் சின்ன வெங்காயத்தை முன்னாடி வெச்சுடுவேன், உரிக்கச் சொல்லி. நம்ம ஆளுன்னு மனசுல பட்டவங்ககிட்டதானே உரிமையா ஒரு வேலை சொல்ல முடியுது!