பஞ்சக்காவும் இரண்டு பூஞ்சைச் சோதனைகளும்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் பஞ்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் ஒரு துண்டுப் பஞ்சு. மேஜை, கதவுப்பிடி, போன், எதுவும் தப்பாது. வீட்டில் புருஷனின் கண்ணாடியை அவர் போட்டுக்கொண்டிருக்கும்போதே துடைத்துவிடுவாள். இருபத்திரண்டு வருஷ ரத்தப் பரிசோதனை வேலையில் அவள் கைபட்ட குழாய் கெட்டதென்று பேச்சே வந்ததில்லை.

ஒருநாள் பெரிய டாக்டர் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். உடம்புக்குள் பரவும் பூஞ்சையை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் சோதனைகள். முதலாவது, பலவகைப் பூஞ்சைகளின் மேலோட்டில் இருக்கும் ஒரு பொருளைத் தேடும். இரண்டாவது பெரும்பாலும் ஒரே வகையைத்தான் தேடும்.

"ஒப்பிட்டுப் பாத்து வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. ஒண்ணுதான் வாங்க முடியும்."

அவளுக்கு முதலாவதின் மேல்தான் கண். வலை பெரிசு, தப்பிக்கும் நோயாளிகள் குறைவு.

ஒப்பிட, நோயாளிகளின் ரத்தம் இருந்தது; நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். தனக்குத் தும்மல்கூட வராது என்று பீற்றிக்கொள்ளும் புருஷனிடமும், அவருடைய அக்காவிடமும் எடுத்தாள். இரண்டாவது சோதனையில் ஒன்றுமில்லை. முதலாவதில் பூஞ்சையைக் காட்டும் எண் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வீட்டில் சொல்லித் தொலைத்தாள்.

"எனக்குள்ள பூஞ்சையா? அது பழைய ரொட்டியிலதானே வரும்?" என்றார் புருஷன்.

"நீ மட்டும் என்ன புதுசாடா?" என்றாள் அக்கா.

"உனக்கும்தான் வந்திருக்கு!"

"உன்கிட்டேருந்து ஒட்டியிருக்கும்."

மறுநாள் இருவரும் நாற்காலியோடு மொட்டைமாடிக்குப் போனார்கள். அரைமணிக்கு ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பி, துவைத்த போர்வை மாதிரி வெயிலில் காய்ந்தார்கள்.

"நல்லா இருக்கறவங்களையே நோயாளி ஆக்குதேம்மா! முதலாவது வேண்டாம்னு எழுதிடுங்க," என்றார் ஆய்வகத்தில் அந்த எண்களைப் பார்த்த டாக்டர்.

எழுதக் கை வரவில்லை. பெட்டியோடு வந்த சுத்தமான தண்ணீரைக் குழாயில் ஊற்றிச் சோதித்தாள். தண்ணீருக்கும் பூஞ்சை!

இன்னொரு குழாயை மூடப்போனபோதுதான் கவனித்தாள். வலது கை தன்பாட்டுக்கு அதன் வாயைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தது. டிராயரைத் திறந்து முதலாவது பெட்டியோடு வந்த குறிப்புத்தாளை எடுத்தாள். வந்த அன்றே தூசி தட்டி, துடைத்து, படிக்காமல் வைத்திருந்தாள். பஞ்சு, காகிதம் படக்கூடாது, அவற்றின் இழையும் பூஞ்சைபோலவே எண்ணை ஏற்றிவிடும் என்று மூன்றாவது வரியிலேயே இருந்தது.

நோயாளிகள், புருஷன், அக்கா, தண்ணீர், எல்லாவற்றையும் புதுக் குழாய்களில் மறுபடி எடுத்துச் சோதித்தாள், பஞ்சை அலமாரியில் பூட்டிவிட்டு. வீட்டார் இருவரும் தண்ணீரும் சுத்தம். பூஞ்சை உறுதியான எட்டு நோயாளிகளில் ஏழு பேரை முதலாவது பிடித்தது. இரண்டாவது நான்கு பேரை.

வெள்ளிக்கிழமை எழுதினாள்: "முதலாவதை வாங்கலாம். முன்பு வந்த தவறு சோதனையுடையதல்ல, என்னுடையது. குழாயைத் துடைத்தேன்." டாக்டர் இரண்டு தரம் படித்தார். சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் சொன்னபோது புருஷன் நாற்காலியை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, கண்ணாடி முழுக்கத் தூசி. அவள் கை தானாக நீண்டது.

"கிட்ட வராதே!" என்று நாற்காலியை நடுவில் பிடித்தார். "நீ துடைச்சா எனக்கு மறுபடி வந்துடும்."