தலைக்குள் தீட்டா

“கூடப் பொறந்தவனையே சரி பண்ண முடியல, நீ வெள்ளைக்காரன் மூளைய ஆராயப் போறியா?” நான் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது, நெய்வேலியில் அம்மா பாத்திரம் தேய்த்த குவார்ட்டர்ஸ் வீட்டுக்காரம்மா கேட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். ஊரிலுள்ள நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனவன், காதில் யாரோ பேசுவதாகச் சொல்லிப் பாதி ஷிஃப்டில் திரும்பிவந்தான். யார் கேட்டாலும் ‘இல்லை’ என்று சொல்லச் சொன்னாள் அம்மா. ஊரே அறிந்த ரகசியத்தை ஊருக்கு வெளியே காப்பாற்றுவது எங்கள் குடும்ப வழக்கம்.

இங்கே ஆய்வுக்கூடத்திலேயே தலைக்குக் குளிக்க வசதி உண்டு. கம்பிகள் கோத்த தொப்பியை மாட்டி, மண்டையில் பசை தடவி, திரையில் வரும் சீட்டுகளை நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்வோம். நடுவில் சொல்லாமல் விதியை மாற்றுவோம். இனி வடிவம் பார்க்க வேண்டும். சட்டென்று மாறிக்கொள்பவரின் மூளை முன்பக்கத்தில் தீட்டா என்னும் அலை எழும்பும். மனச்சிதைவு உள்ளவர்களில் பலருக்கு அது அவ்வளவாக எழும்பாது. பழைய விதியிலேயே நிற்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நலமானவர்கள் வேண்டும் என்பதால் நானும் உட்கார்ந்தேன். ‘குடும்பத்தில் மனநோய் உண்டா?’ என்று படிவம் கேட்டது. கை தானாக ‘நைன்’, அதாவது ‘இல்லை’, என்பதில் கோடு போட்டது.

உடன் வேலை செய்யும் மார்ட்டின் என் அலைகளைப் பார்த்து, “பாடப்புத்தகம் மாதிரி!” என்றான். அண்ணன் என்ன செய்கிறான் என்றும் விசாரித்தான்.

“வீட்டில்தான் இருக்கிறான்.”

“ஹோம் ஆஃபீஸா! இந்தியா எங்கேயோ போய்விட்டது.”

தலையாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவுக்கு வேலையை விளக்கினேன். “தலைக்குள்ள தீட்டா வருதான்னு பாக்குறோம்மா.”

“தீட்டா? ஆம்பளைங்களுக்குமாடி?”

“எல்லாருக்குந்தாம்மா.”

“அப்பறம் தலைக்கு ஊத்திக்கினுதான் வூட்டுக்குப் போவாங்களா?”

பசை போக வேண்டுமே, ஆமாம் என்றேன். “சுத்தமான ஊருதான்” என்று திருப்தியானாள்.

பிறகு அண்ணன் போனை வாங்கி, சீட்டு விளையாட்டைப் பற்றிக் கேட்டான்.

“விதி மாறுனா சொல்லுவீங்களா பாப்பா?”

“சொல்ல மாட்டோம்ணா.”

“சொல்லாம மாத்திட்டு, இவன் மாறலன்னு எழுதிக்குவீங்களா? எங்க காண்ட்ராக்டருகூட மைன்ஸ் கேட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லுவாரு!” சிரித்தான். “தினம் என்ன மாதிரி ஆளுங்களத்தான பாத்துக்கினு இருக்க. ஒனக்கு அண்ணன் ஒருத்தன் இப்படி இருக்கான்னு அங்க சொன்னியா?”

லைன் சரியில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நாடு மாறியும் அம்மா போட்ட விதியை விட்டு நான் நகரவில்லை. தீட்டாவோ பாடப்புத்தகம் மாதிரி! அந்தப் பொய்யை வைத்துத்தான் அண்ணனைப் போன்றவர்களை அளந்துகொண்டிருந்தோம்.

திங்களன்று மார்ட்டினிடம் உண்மையைச் சொன்னேன். நல்ல பதிவு ஒன்று போயிற்றே என்று மிகவும் வருந்தினான்.

“நலமானவர்கள் பட்டியலில் இனி உன்னை வைக்க முடியாது. நோயாளிகள் பட்டியலிலும் சேர்க்க முடியாது.”

நோயாளிகளின் உடன்பிறந்தவர்களுக்கென்று தனி ஆய்வு ஒன்று ஆள் கிடைக்காமல் கிடந்தது. அந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு அண்ணனை அழைத்தேன். “உன் பேர எழுதட்டுமாண்ணா?”

“எழுது. இனிஷியல விட்டுடாத.”

இந்த நாட்டுப் படிவத்தில் இனிஷியலுக்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.