உம்மாவின் நாலு பிறையும் பத்து நாளும்

எண்பதுகளின் தொடக்கத்தில் வாப்பா மௌத்தானபோது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. உம்மா இத்தா இருக்கத் தொடங்கினார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியிறங்காமல் இருக்கும் காலம் அது.

நாள் பார்க்கும் வேலையை என்னிடம் விட்டார்கள், டீச்சர் என்ற மரியாதைக்கு. நானும் சுவர்க் கலண்டரில் நாலு மாதம் தள்ளி, பத்து நாள் கூட்டி, ஒரு வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டேன். பிறகு மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, அந்தக் கிழமைத் தொடக்கத்திலேயே பிள்ளை வந்துவிடும் என்றார். அப்போது உம்மா இன்னும் இத்தாவில்தான் இருப்பார். தலைப்பிள்ளை. கூடப்பிறந்த பெண் ஒருத்தியும் இல்லை. உம்மா இல்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனியே கிடந்து செத்துப்போவேன் என்றே நம்பினேன்.

அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று உம்மா அறைக்குள்ளிருந்து சொல்வார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அது எனக்கும் தெரியும், முதுகைத் தடவிவிட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய் அழுவேன்.

லீவையெல்லாம் பிள்ளை பிறந்த பிறகுக்கென்று சேர்த்து வைத்ததால் ஒன்பதாம் மாதத்திலும் பள்ளிக்கூடம் போனேன். ஒருநாள் ஏழாம் வகுப்புக்கு நிலாவைப் பற்றிய பாடம். ஜன்னல்களைச் சாத்திச் சிமினி விளக்கை ஏற்றி, இதுதான் சூரியன் என்றேன். நான் பூமி என்றதும் வகுப்பே சிரித்தது. சிரிக்கத்தான் செய்யும், அந்த வயிறு அப்படி. விளக்கைப் பார்த்த பக்கம் பகல், முதுகுப் பக்கம் இரவு என்று காட்டினேன். தோடம்பழம் ஒன்றைத் தலைக்கு மேலே நீட்டிப் பிடித்தபடி மெல்லச் சுற்றினேன். விளக்கின் பக்கம் நீட்டியபோது பழத்தின் என் பக்கம் இருட்டு. கொஞ்சம் திரும்பியதும் ஓரத்தில் ஒரு கீற்று, தலைப்பிறை. விளக்குக்கு முதுகைக் காட்டியபோது முழுநிலா. பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றிவர ஒரு வருசம் ஆகும், மாரியும் கோடையும் அதனால்தான் மாறி மாறி வருகின்றன என்றும் சொன்னேன்.

முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள்.

"அப்ப நோன்பு மட்டும் ஏன் டீச்சர் வருசா வருசம் முந்தி வருது?"

நோன்பு சூரியனைப் பார்த்து வருவதில்லை, பிறையைப் பார்த்து வருகிறது என்றேன். பிறை மாதம் முப்பது நாளைத் தாண்டாது, சிலவேளை இருபத்தொன்பதிலேயே முடிந்துவிடும். அதனால் நாலு மாதத்துக்குள்ளேயே நாலைந்து நாள் முந்திவிடும் என்று சொல்லி முடிக்கவில்லை, வாய் அப்படியே நின்றுவிட்டது. இத்தாவும் பிறைக் கணக்குத்தானே!

தோடம்பழத்தை அந்தப் பிள்ளையிடமே கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, என் கணவரைப் பள்ளிவாசலுக்கு விரட்டினேன். அங்கே தொழுகை நடத்தும் லெப்பை கணக்குப் பார்த்து, வெள்ளிக்கிழமை அல்ல, அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையே இத்தா முடிகிறது என்று சொல்லி அனுப்பினார். அப்பாடா என்று நிலத்தில் உட்கார்ந்தவள்தான், என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நோவு பிடித்தது. காரில் எனக்கு முன்னே ஏறி உட்கார்ந்தவர் உம்மாதான். பின்னேரம் மகள் பிறக்கும்வரை அந்தக் கை என் முதுகை விடவில்லை. பிறகு நான் பிள்ளையை யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் அணைத்துக்கொண்டு கிடந்தேன். உம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"உன்ட கணக்குக்கு நான் இன்னும் இத்தாவுலதான் இருக்கன்கா. புள்ளயக் கொண்டா."