டேப் வைத்து அளந்த மின்னூல்

மின்னூல் வடிவமைக்கும் தொழிலில் யாரையும் நம்பக் கூடாது; குறிப்பாக, ‘சின்ன வேலைதானுங்க’ என்று சொல்லிக்கொண்டு வருபவரை. என்னைப்போல் இதில் வந்து மாட்டிக்கொண்ட பாவப்பட்டவர்களுக்குச் சென்னியப்பன் அண்ணனைச் சொன்னால் புரியும். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் வாழ்க்கையை எழுதிப் புத்தகமாகவும் போட்டிருந்தார். அவருடைய அக்கா ராமாத்தாளுக்குக் கண் மங்கிவிட்டது. போனில் எழுத்தைப் பெரிதாக்கி அக்கா அதைப் படிக்க வேண்டும், அதற்குத்தான் மின்னூல்.

வரிக்கு வரி

பென் டிரைவைத் திறந்தபோதே எனக்குச் சந்தேகம். ஏதோ பழைய எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அதையாவது சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டியிருந்ததால், போன் திரையில் வாக்கியமெல்லாம் பாதிப் பாதியாக ஒடிந்து நின்றது.

தட்டச்சு செய்தது யார் என்று கேட்டேன். அவரேதானாம். பெருமையாகவே சொன்னார்: “ஓரம் மடிச்சு அடிச்சாத்தானுங்க அம்மிணி துணி பிரியாது. அதான் வரிக்கு வரி தட்டியுட்டேன்.”

இஞ்ச் டேப்

என்டர்களை எல்லாம் எடுத்து, அத்தியாயங்களுக்கு இணைப்பு கொடுத்து, கோப்பை அவர் போனுக்கு அனுப்பினேன். மறுநாள் இஞ்ச் டேப்போடு வந்து நின்றார். தன் போனை அளந்தார், பிறகு மனைவியின் போனை அளந்தார். ஓரம் ஒன்றாக இல்லை, பக்கத்துக்குப் பக்கம் வரிகளும் ஒன்றாக இல்லை. திரைக்குத் தக்கபடி எழுத்து நகர்ந்து உட்காரும், அப்படி இருந்தால்தான் அக்காவால் பெரிதாக்கிப் படிக்க முடியும் என்று தொண்டை வறளச் சொன்னேன். வேலையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பக்கங்களைப் படமாகப் பூட்டிய கோப்பு ஒன்றும் வேண்டும் என்று அடம்பிடித்தார். சரி, தலையெழுத்து என்று அதையும் செய்தேன்.

“அப்ரூவல் சாம்பிள் ஒண்ணு, போற சரக்கு ஒண்ணுன்னா, வாங்கற பையர் சும்மா உடுவானுங்களா?”

உபரி

நம் ஊரில் ஆர்டருக்கு மேல் நாலு பீஸ் சேர்த்துத் தைப்பதும், மிஞ்சியது கடைக்குப் போவதும் ஊரறிந்த விஷயம். அந்தக் கண்ணாலேயே என்னைப் பார்த்தார். என்னிடம் ஒரு பிரதி இருக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். போச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அழிக்க வைத்து, கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வைத்தார். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

“வெட்டுன வேஸ்ட்ட எட போட்டுத் திருப்பித் தர்றதுதானுங்க மொற. நீங்க எடுத்த என்டரெல்லாம் எங்கீங்க?”

அக்கா

வேலம்பாளையத்தில் அக்கா வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார், சாட்சிக்கு. முதலில் பூட்டிய கோப்பைத்தான் காட்டினார். ராமாத்தாள் அக்கா போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார். “நல்லாருக்குது சாமி” என்று கீழே வைத்துவிட்டார். அச்சுப் புத்தகத்தையும் படிக்க முடியாமலே இப்படித்தான் பாராட்டியிருப்பார் என்று எனக்குப் பட்டது. எழுத்து நகரும் இன்னொரு கோப்பைத் திறந்து, திரையில் நாலு வரி மட்டும் நிற்கும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

விரல் வைத்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். அப்பா போனபின் அக்கா ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து தம்பியைப் படிக்க வைத்தது, அதற்காகவே தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது, ‘அவள் இல்லையென்றால் நான் இல்லை’ என்று தம்பி எழுதியிருந்தது. அண்ணன் சட்டென்று எழுந்து, வண்டியை நிழலில் போட்டுவிட்டு வருவதாக வெளியே போய்விட்டார். அக்கா அதே பக்கத்தை மறுபடி படித்தார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மெதுவாகக் கேட்டார்:

“நெசமாலுமே அவன் எழுதுனதா கண்ணு, இல்ல கெழவி சந்தோசப்படட்டும்னு நீ சேத்ததா?”

எந்த எழுத்தையும் எந்தத் திரையிலும் ஒழுங்காக நிற்க வைக்கும் கருவிகள் எல்லாம் என்னிடம் இருந்தும், அந்த அக்காவை நம்ப வைக்க, வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்த அண்ணனைத்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வர வேண்டியிருந்தது.