ஆமைக்குப் பாடம் எடுத்த அக்கா

என் அக்காவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடத் தனித் துணிச்சல் வேண்டும். முதல் வாய் உள்ளே போவதற்குள், "இன்னைக்கு நல்லா வெளிக்குப் போச்சு, அதுல பாதி கவர்தான்" என்று ஆரம்பித்துவிடுவாள். மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அவர் தையல்காரர். பேச்சும் மெல்லிசு, வயிறும் மெல்லிசு. இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்தப் பேச்சு மட்டும் அவருக்குப் பழகவில்லை.

அக்காவுக்கு வேலை, கடலாமைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில். தொட்டி கழுவவேண்டும், மீன் நறுக்கவேண்டும், ஆமை கழிந்ததைச் சல்லடையில் அலசி, உள்ளேயிருந்து என்னென்ன வந்தது என்று டாக்டரிடம் காட்டவேண்டும். அவள் சிபாரிசில்தான் எனக்கும் அங்கே வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. அதனால் நேருக்கு நேர் தலையாட்டுவேன், முதுகுக்குப் பின்னால் கேலி செய்வேன். தம்பிக்கு இதுகூட உரிமை இல்லையென்றால் எப்படி?

அந்தச் சல்லடையை நீங்கள் பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் கவர் துண்டு, நைலான் கயிறு, பலூன் வாய், பாட்டில் மூடி எல்லாம் வரும். ஒருமுறை பொம்மையின் கை ஒன்று வந்தது. கழுவி அடுக்கினால் கடையே வைக்கலாம் என்று சொன்னேன், அக்காவும் சிரித்தாள். நான் சேர்ந்த புதிதில் பாதித் தொட்டிகள் காலியாகக் கிடந்தன. அப்புறம் எல்லாம் நிரம்பி, நடைபாதையில் டப் போட்டு ஆமையைக் கிடத்தும் நிலைமை வந்தது. சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

அப்படி நிரம்பியிருந்த நேரத்தில் வந்து சேர்ந்தான் ஒருவன். வயிறு முழுக்க பிளாஸ்டிக் அடைத்து, வாயு சேர்ந்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தக்கை மாதிரி மிதந்தான். முங்க முடியாத ஆமைக்கு இரை ஏது? பட்டினியாய் மிதந்தே சாகவேண்டியதுதான். அக்கா அவனுக்குக் குழாய் வழியே எண்ணெய் ஊற்றினாள், கூழ் ஊற்றினாள். கொஞ்சம் தேறியதும் ஐயா கணவாய் மீன் மட்டும்தான் சாப்பிடுவார், அதுவும் பொடியாக நறுக்கி, கையால் நீட்டினால்தான். 'மாப்பிள்ளை' என்று நான்தான் பெயர் வைத்தேன். அக்காவுக்கு இரண்டும் பையன்கள். மாப்பிள்ளைக்கு உபசாரம் செய்யக் கொடுத்துவைக்கவில்லையே என்ற அவள் குறையை இந்த ஆமை தீர்த்துவைத்தது.

வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்து, ஒரு காலையில் அவன் தொட்டியின் அடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். பேரன் பிறந்த மாதிரி அக்கா எனக்குப் போன் செய்து, "டேய், முங்கிட்டான்டா" என்றாள்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. இன்னும் சில நாள் பார்த்துவிட்டுக் கடலில் விட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னார். நடைபாதை டப்பில் இன்னொரு ஆமை ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு இந்தத் தொட்டிக்காகக் காத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அக்காவோ தூக்கத்தைத் தொலைத்தாள். அதே கடல், அதே கவர், திரும்பவும் தின்றால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டாள், என்னிடம் கேட்டாள், பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மாமாவிடமும் கேட்டாள். மாமா அடுத்த பொத்தானை எடுத்தார். சரி, நீங்களெல்லாம் எதற்கு ஆவீர்கள் என்று சொல்லிவிட்டு, அவளே பள்ளிக்கூடம் திறந்துவிட்டாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டாக்டர் அந்தப் பக்கம் நகர்ந்ததும், வெள்ளைக் கவர் ஒன்றில் நூல் கட்டித் தொட்டிக்குள் இறக்குவாள். அது ஆமை விரும்பித் தின்னும் ஜெல்லி மீன் மாதிரி விரிந்து மெல்ல ஆடும். மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு வருவான். வெடுக்கென்று கவரை இழுத்துவிட்டு, தண்ணீரில் ஓர் அடி அடித்து, "அது சாப்பாடு இல்லடா கண்ணு" என்பாள். சமாதானத்துக்கு ஒரு துண்டு கணவாய் கிடைக்கும். வாசலில் காவல் நான். பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் எவ்வளவு, பரீட்சை எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வாயே திறக்காத மாமாகூட, யூனிஃபார்ம் தைக்கவேண்டுமானால் முதுகளவு எடுத்து வரச் சொன்னார். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, பையன் படித்துவிட்டான். முதலில் தயங்கினான், அப்புறம் மெதுவாக வந்தான், கடைசியில் கவரை இறக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். பெரியவன் பாஸானபோதுகூட அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. தாங்க முடியாமல் அவளே போய் டாக்டரைக் கூட்டிவந்து செய்துகாட்டினாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். திட்டப்போகிறார் என்று நான் ஓரமாக நின்றுகொண்டேன். அவர் திட்டவில்லை. கவர் உள்ளே போனதையும் மாப்பிள்ளை அதை ஏறெடுத்தும் பார்க்காததையும் பொறுமையாகக் கவனித்துவிட்டு, "அக்கா, இந்தக் கவர் ஏது?" என்று மட்டும் கேட்டார்.

"வீட்டுல இருந்துதாம்மா. சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டுத்தான் போடுவேன். நோயாளி இருக்கிற தொட்டியாச்சே" என்றாள் அக்கா, பெருமையாக.

டாக்டர் என்னைக் கரைக்கு அனுப்பி, அலையில் கிடந்த கவர் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். பச்சையாய்ப் பாசி பிடித்து, வழவழவென்று இருந்தது. அதை அவன் விழுங்கிவிடாதபடி துளை போட்ட டப்பாவில் அடைத்து மூடி, தண்ணீருக்குள் இறக்கினார். உள்ளே இருப்பது எதுவும் வெளியே தெரியாது. மறுகோடியில் இருந்த மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். நேராக வந்து டப்பாவை முட்டினான். வாயைப் பிளந்து கடிக்கப் பார்த்தான், வழுக்கியது. மறுபடி முட்டினான். கணவாய்க்குக்கூட அவன் அப்படி அலைந்ததில்லை.

கொஞ்ச நாள் கடலில் கிடந்தால் பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் கிருமியும் படிந்து, ஆமைக்கு இரை மாதிரியே மணக்கும் என்று டாக்டர் விளக்கினார். பிறகு அக்காவின் தோளைத் தொட்டு, "அவன் படிப்புல மோசமில்லக்கா. சோப்பு வாசனைதான் அவனுக்குப் பிடிக்கல" என்றார்.

அக்கா டப்பாவை வெளியே எடுத்து ஓரமாக வைத்தாள். என் வாயில் ஒரு கேலி தயாராக இருந்தது, விழுங்கிவிட்டேன். அன்று சாப்பாட்டு நேரத்திலும் அவள் குனிந்த தலை நிமிரவில்லை. மாமா தட்டோடு எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவரே மெதுவாக, "இன்னைக்கு வெளிக்குப் போச்சா?" என்று கேட்டார்.

டப்பில் கிடந்த ஆமை தலையைத் தூக்கவே சிரமப்பட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது. மறுநாள் காலை வேனில் மாப்பிள்ளையை ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனோம். டாக்டரும் நாங்களும்தான். ஈர மணலில் இறக்கிவிட்டதும் அவன் கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்தான். பிறகு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீரை நோக்கித் துடுப்புக் காலை வீசி நடந்தான்.

முதல் அலை அவனைத் தூக்கியபோது, அதே அலையில் ஒரு கவர் வந்தது. அக்கா பாய்ந்து அதைப் பிடித்தாள். அதற்கு அப்பால் இன்னொன்று மிதந்தது. அதற்குப் போனாள். முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது, அவனுக்கு முன்னால் முன்னால் போய்ப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அக்கா போதும், அக்கா வந்துடு என்று நான் கத்தியது அவள் காதில் ஏறவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. நான் உடுப்போடு ஓடி, மார்பளவு தண்ணீரில் அவள் கையைப் பிடித்து இழுத்தபோது, மாப்பிள்ளை சற்றுத் தள்ளித் தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு முங்கினான். அப்புறம் தெரியவில்லை.

கரையில் கொண்டுவந்து உட்காரவைத்தேன். பல் தந்தியடித்தது, இரண்டு கையிலும் கவர்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பெரிய நீச்சல் வீராங்கனைதான் என்று சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருந்துச்சுடா" என்றாள். "கை எட்டல. அதுவும் அவன் போன பக்கந்தான் போச்சு."