கோயில் மெழுகு

பத்துத் துப்பாக்கிச் சன்னத்துக்கு ஒருமுறை மேரிகிறேஸ் கராஜை விட்டு வெளியே வந்துவிடுவார். கொடியில் உடுப்புக் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பார். காயாது, டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவின் ஏப்ரல் வெயிலை நம்பி யார் உடுப்புக் காயப்போட்டார்கள்! திரும்பிப் போய், நின்றபடியே அடுத்த பத்து. கராஜில் நல்லதொரு கதிரை இருக்கிறது. அதில் அவர் இருந்து யாரும் கண்டதில்லை.

ஐம்பத்தாறு வயது, முதியோர் இல்லத்தில் வேலை, ஊர்க் கைத்துப்பாக்கிக் கிளப்பில் பதினொரு வருடம். குறிபார்க்கும்போது மட்டும் அசையமாட்டார். மற்ற நேரமெல்லாம் உலாத்தல்தான். “ரோலி, மேரி, ரோலி” என்று டெனிஷ்காரர் அமைதிப்படுத்துவார்கள். “ரோலியா இருந்தா ஆர் சமைக்கிறது?” என்று தமிழிலேயே திருப்பிக் கேட்பார்.

சன்னத்தைத் தானே வார்ப்பார். வார்த்த ஈயம் மயிரிழை தடித்திருக்கும். சின்ன அழுத்துப்பொறியில் வைத்துக் கைபிடியை இழுத்தால், உருக்கு வளையத்துக்குள் நுழைந்து சரியான அளவுக்கு வரும். அதே இழுப்பில் அதன் வரிப்பள்ளங்களில் மெழுகும் ஏறும். மெழுகு பிழைத்தால் துப்பாக்கிக் குழாயில் ஈயம் ஒட்டும், குறி தவறும். “கையில வைச்சா உருகக்கூடாது, நகத்தால கீறினா உதிரக்கூடாது” என்பது அவருடைய கணக்கு.

இந்த வருடம்தான் அந்தக் கணக்குச் சரிவந்தது. கத்தோலிக்கக் கோயிலைத் துப்புரவாக்கும் முறை அவருடையது. எரிந்து மிஞ்சிய தேன்மெழுகுதிரித் துண்டுகளை எறிய மனமில்லாமல் கொண்டுவந்து வாஸ்லினோடு உருக்கினார். சன்னங்கள் குறிக் கடதாசியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போய் விழுந்தன. முதன்முதலாகக் கிளப் அணியில் இடம் கிடைத்தது. நாளைக் காலை ஹேர்னிங்கில் போட்டி.

இன்று மத்தியானம் சுத்தியல் தேடி வந்த கணவர் நிக்கலஸ் மெழுகுப் பையைக் கண்டார்.

“இது மெழுகுதிரித் திருநாளுக்கு சுவாமி மந்திரிச்ச திரியெல்லே?”

“மிஞ்சின துண்டுதானேயப்பா.”

“மந்திரிச்சதை எரிச்சு முடிக்கோணும், இல்லாட்டிப் புதைக்கோணும். நீர் துவக்குக்குள்ள போடுறீர்!”

சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். கொளுத்திப் போட்டவருக்கென்ன, வேகிறது இங்கே.

“கடதாசியிலதானே ஓட்டை போடுறன். ஆரையும் சுடயில்லையே” என்று கராஜ் சுவரோடு வாதாடினார் மேரிகிறேஸ். பங்குச் சுவாமிக்குத் தொலைபேசி எடுத்து, மணி அடிக்கும் முன்பே வைத்தார். வேண்டாம் என்றால் போட்டி போச்சு. பரவாயில்லை என்றாலும் மனம் ஆறப்போவதில்லை. அணியில் அந்த இடம் அவருக்கு வேண்டும். கணவருக்கு, பிள்ளைகளுக்கு, கோயிலுக்கு என்றில்லாமல் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். வேறு மெழுகு காய்ச்சி, அளந்து, சுட்டுப் பார்க்க நேரமில்லை. கடைச் சன்னத்தோடு போனால் தான்தான் கடைசி என்பதும் தெரியும்.

இன்னும் இரண்டு முறை கொடியடிக்குப் போய்வந்தார். பிறகு கராஜ் கதவை அகலத் திறந்து, ஈயம் உருக்கும் சட்டியைச் சூடாக்கி, அளவாக்கி மெழுகேற்றி வைத்திருந்த இருநூறு சன்னங்களையும் கை கையாக அதற்குள் போட்டார். ஈயம் இளகியது. மெழுகு மேலே மிதந்து புகைந்து, சட்டென்று பற்றிக்கொண்டது. கராஜெல்லாம் பூசை நேரத்து வாசம். வழக்கமாக மூடியைப் போட்டு அணைத்துவிடுவார். இன்று மூடியைத் தொடவில்லை. ஜாக்கெற்றின் பின்தொப்பியை இழுத்துத் தலையில் முக்காடிட்டுக்கொண்டு, சுவாலை தானாக அடங்கும்வரை அதன் முன்னால் நின்றார்.