வராத தும்மல்

பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காக என் வயதைக் குறைத்துச் சொல்லக்கூட எங்கள் அப்பாவுக்கு வாய் வராது. அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு பொய் சொன்னார். அதுவும் சபை மூப்பரிடம், என் மூக்கை வைத்து.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்த சின்ன ஜெபசபை எங்களுடையது. அப்பாவின் ஒரே தங்கையான அத்தை, சபைக்கு வெளியே ஒரு டிராக்டர்காரரைக் கட்டிக்கொண்டு சபையை விட்டே போனாள். உடனே சட்டம் வந்தது. ஞானஸ்நானம் எடுத்தவர்கள் அவளோடு பேசக்கூடாது, அவள் கையால் சாப்பிடக்கூடாது. போனில் பேசுவதும் அதில் சேர்த்தி. ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு.

அந்த விலக்கில் நான் ராணி மாதிரி இருந்தேன். அப்பா வயலுக்கும் அத்தை வயலுக்கும் ஒரே வரப்பு. அதன்மேல் நான் நிற்க வேண்டும். அப்பாதான் ஆரம்பிப்பார்.

“தண்ணி பாஞ்சிருச்சான்னு கேளும்மா. மடைய அடைக்கணும்.”

“இன்னும் செத்த நேரம் ஆவும்னு சொல்லு.”

“செத்த நேரம்னா எவ்வளவு நேரமாம்?”

பத்தடி தூரம்தான், இருவருக்கும் எல்லாம் கேட்கும். நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். ஆனாலும் நான் நின்றால்தான் பேச்சு நடக்கும். எனக்குப் பெருமை தாங்காது.

பன்னிரண்டு வயதில் ஞானஸ்நானப் பட்டியலில் என் பெயரும் வந்தது. வெள்ளைக் கவுன் தைத்தாயிற்று. அந்த வாரம் முழுக்க அத்தை எனக்கு மீனும் இறாலுமாகச் சமைத்துப் போட்டாள். நான் ஏன் எதற்கு என்று கேட்காமல் தின்றேன்.

ஆற்றில் புதுத்தண்ணீர் ஓடியது. படித்துறையில் வரிசையாக நின்றோம். என் முறை வந்ததும் அப்பா மூப்பரிடம் போனார்.

“புள்ளைக்கு நேத்துலேருந்து ஒரே தும்மலுங்க. தண்ணில முக்குனா ஜன்னி கண்டுரும். அடுத்த வருசம் பாத்துக்கலாங்க.”

எனக்குத் தும்மலே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்தானையால் மூக்கோடு சேர்த்து வாயையும் பொத்திவிட்டாள்.

ஆத்திரத்தோடு அத்தை வீட்டுக்கு ஓடினேன். “அப்பா பொய் சொல்லி என் ஞானஸ்நானத்தக் கெடுத்துட்டாரு அத்தை!”

அத்தை புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “அப்ப இன்னும் ஒரு வருசம் நீ இங்க வரலாம்ல?” கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

கவுன் வீணான துக்கத்தில் நான் நிற்கிறேன், இவளுக்கு இதுதானா கவலை என்று எரிச்சலாக வந்தது. அப்பாவைத் தண்டிக்கத் தீர்மானித்து, ஒரு வாரம் வரப்புப் பக்கமே போகவில்லை. தங்கையோடு பேச என்னை விட்டால் ஆளில்லாத மனிதர் அந்த ஒரு வாரம் என்ன பாடு பட்டிருப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.